கோடைக் கிணறே பிரமாணம்

கள்ளக்குறிச்சி நகரத்திலும் சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் முதலிய சுற்றுவட்டார ஊர்களிலும் புதிதாக எழும்பியிருக்கும் மாடி வீடுகளின் சொந்தக்காரர்களோடு சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால், கட்டுமானச் செலவையும் வங்கிக் கடனையும் பற்றிய முறையீடுகளுக்கு அடுத்தபடியாக அவர்கள் வாயிலிருந்து வருவது, மாடிக் குளியலறையில் தண்ணீர் வேகமாக விழுவதில்லை என்ற முறையீடுதான். “மேல பாத்ரூம்ல தண்ணி நூலு மாதிரி வருதுப்பா” என்று வீட்டுக்காரர் சொல்ல, “ஒரு ஹெச்.பி. பத்தாதுங்கண்ணா, ஒன்றரையாப் போட்டுடலாம்” என்று மெக்கானிக் சொல்வதோடு ஆலோசனை முடிந்து, மறுநாளே புது மோட்டார் வந்து இறங்கிவிடுகிறது.

இந்தச் சம்பாஷணையில் கிணற்றின் ஆழத்தையோ, அதில் நிற்கும் நீரின் மட்டத்தையோ, தொட்டியின் உயரத்தையோ, குழாயின் விட்டத்தையோ பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பது ஒருபுறமிருக்க, பரிகாரமாகச் சொல்லப்படும் காரியத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் பெரிய விசித்திரம். கிணற்று மோட்டாரின் வேலை மொட்டைமாடித் தொட்டியை நிரப்புவதோடு தீர்ந்துவிடுகிறது. அங்கிருந்து இறங்கும் தண்ணீரின் வேகத்தை முக்கியமாக நிர்ணயிப்பவை தொட்டியின் உயரமும் இறங்கு குழாயின் விட்டமுமே. ஆகையால் ஒன்றரை ஹெச்.பி. போட்டாலும் ஐந்து ஹெச்.பி. போட்டாலும் தொட்டி சீக்கிரம் நிரம்புமேயன்றி, குளியலறையில் எள்ளளவும் வேகம் கூடப்போவதில்லை. இதை அனுபவத்தில் கண்ட பிறகு, தொட்டியை விட்டுவிட்டுக் கிணற்று மோட்டாரையே நேரே வீட்டுக் குழாய்களோடு இணைத்து, ‘பிரஷர் டேங்க்’ ஒன்றையும் நடுவில் வைத்து, அழுத்தத்தை வேண்டிய மட்டும் முறுக்கி ஏற்றிக்கொள்ளும் இரண்டாம் கட்டத்துக்கு வசதியுள்ளவர்கள் போய்விடுகிறார்கள்.

சௌகரியத்தை விரும்புவது குற்றமன்று. ஆனால் ஒரு வீட்டில் தண்ணீரின் அழுத்தத்தை எந்த அளவுக்கு உயர்த்தலாம் என்பதை வீட்டுக்காரரின் ஆசையோ கடைக்காரரின் சிபாரிசோ நிர்ணயிக்கலாகாது என்பதும், சித்திரை வைகாசி மாதங்களில் அந்த வீட்டுக் கிணற்றில் எஞ்சி நிற்கும் நீர்மட்டமே அதற்குப் பிரமாணமாக இருக்கவேண்டும் என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1993ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்தோடு பிரிந்து, 2019 நவம்பர் 26ஆம் தேதி தனி மாவட்டமாக உதயமான இந்தப் பிரதேசத்துக்கு மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாகக் கல்வராயன் மலை நிற்கிறது; கோமுகியும் மணிமுக்தாவும் அங்கே பிறந்து, அணைகளில் தங்கி, கரும்பையும் நெல்லையும் வளர்த்துவிட்டு வெள்ளாற்றை நோக்கிச் செல்கின்றன. மலையையும் ஆறுகளையும் பார்க்கிறவனுக்கு இது நீர்வளம் மிகுந்த சீமை என்றே தோன்றும். ஆனால் பூமிக்குக் கீழே உள்ள ஸ்திதி வேறு. தஞ்சை டெல்டாவைப்போல மணலும் வண்டலும் நூற்றுக்கணக்கான அடிக்குப் படிந்து, நீரை உள்வாங்கிச் சேமித்து வைக்கும் மண் இதுவன்று. ஆற்றோரத்து நிலங்கள் நீங்கலாக, மேலே சில பத்து அடிகளுக்குச் சிதைந்த பாறையும், அதன் கீழே சார்னோகைட், நைஸ் முதலிய கடினப் பாறைகளும் உள்ள கற்பூமி இது. நீர் இங்கே இருப்பதெல்லாம் சிதைந்த பாறையின் இடுக்குகளிலும், அதற்குக் கீழே எங்கோ ஓரிடத்தில் ஓடும் விரிசல்களிலும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு மளமளவென்று ஏறுவதற்கும், பங்குனி பிறந்ததும் அதே வேகத்தில் இறங்குவதற்கும், ஒரு வீட்டு போரில் தண்ணீர் பொங்க, அடுத்த வீட்டு போரில் புகை மட்டும் வருவதற்கும் காரணம் இந்தப் பாறையின் சுபாவமே.

ஏற்றமும் கவலை இறைப்பும் இருந்த காலத்தில் இந்தச் சுபாவத்துக்கு மனிதன் கட்டுப்பட்டே தீரவேண்டியிருந்தது. மாடுகள் இறைக்கும் அளவுக்கு மேல் கிணற்றிலிருந்து எடுக்க முடியாது என்பதால், மாடுகள் இளைப்பாறும்போது கிணறும் ஊறிக்கொண்டது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையமும், 1937இல் மேட்டூர் நீர்மின் நிலையமும், 1962இல் நமது தென்னார்க்காட்டிலேயே நெய்வேலி அனல்மின் நிலையமும் மின்சாரம் வழங்கத் தொடங்கின. கோயம்புத்தூர்ப் பட்டறைகள் பம்புகளை வார்த்துத் தள்ளின. அரசாங்கம் விவசாயக் கிணறுகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. இன்று தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. யந்திரத்துக்குக் களைப்பு இல்லை என்பது உண்மை. கிணற்றுக்கு உண்டு என்பதை நாம் மறந்துவிட்டோம். வயற்காட்டில் கற்ற அந்த மறதியோடுதான் வீட்டுக் கொல்லையில் போர் போடத் தொடங்கினோம்.

இனி அழுத்தம் என்பதன் கணக்குக்கு வருவோம். நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் ‘நாலு கிலோ பைப்’, ‘ஆறு கிலோ பைப்’, ‘பத்து கிலோ பைப்’ என்று கேட்டு வாங்குகிறார்கள் அல்லவா? ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் அத்தனை கிலோ பாரம் அழுத்தினாலும் அந்தக் குழாய் தாங்கும் என்பது அதன் தாத்பர்யம். பத்து மீட்டர், அதாவது சுமார் முப்பத்துமூன்று அடி உயரமுள்ள நீர், தன் அடியில் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தத்தைத் தருகிறது. இந்த ஒரு கணக்கைக் கைவசம் வைத்துக்கொண்டால் வீட்டு நீர்விநியோகத்தின் ரகசியம் முழுவதும் விளங்கிவிடும்.

தளத்துக்குப் பத்தடி வீதம் இரண்டு தளங்கள் உள்ள ஒரு வீட்டின் மொட்டைமாடியில், நாலடிப் பீடத்தின்மேல் தொட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழ்த்தளத்தில் மூன்றடி உயரத்தில் உள்ள குழாய்க்கும் தொட்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே இருபத்தோரு அடி. ஆகவே அங்கே கிடைப்பது சுமார் அறுநூறு கிராம் அழுத்தம். மாடியில் ஏழடி உயரத்தில் உள்ள ஷவருக்கும் தொட்டிக்கும் இடையே ஏழே அடி. அங்கே கிடைப்பது கால் கிலோவுக்கும் குறைவு. கீழே குழாயில் நன்றாக வருகிற தண்ணீர் மாடியில் நூலாக இழைவதற்கு இதைவிட வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

இப்படிப்பட்ட வீட்டில் முதலில் செய்யவேண்டிய காரியங்கள் பணச்செலவு குறைந்தவை. போர் தண்ணீரின் உப்புப் படிந்து ஷவரின் துவாரங்களும் குழாயின் முனைச் சல்லடையும் அடைத்துக்கொண்டிருக்கின்றனவா என்று கழற்றிப் பார்க்கவேண்டும். தொட்டியின் அடியில் உள்ள கேட் வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இறங்கு குழாயில் காற்று அடைத்துக்கொள்ளாதபடி, தொட்டிக்கு மேலே வாய் திறந்த காற்றுக்குழாய் ஒன்று நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். அதன் பிறகு குழாயின் விட்டம். குழாயின் உள்விட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு அதே அளவு தண்ணீரை அதன் வழியே அனுப்ப முயன்றால், உராய்வினால் நஷ்டமாகும் அழுத்தம் இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ அன்று, ஏறக்குறைய முப்பத்திரண்டு மடங்கு ஆகிறது. கட்டும்போது சில நூறு ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி, வீடு முழுவதற்கும் அரை அங்குலக் குழாயை எல்போ எல்போவாக மடக்கி ஓட்டிய கொத்தனாரின் சிக்கனத்தை எந்த மோட்டாரும் நிவர்த்தி செய்யமுடியாது. மாடிக் குளியலறைக்கென்று தொட்டியிலிருந்து ஓர் அங்குலக் குழாயைத் தனியாக இறக்கினால் முறையீட்டில் பெரும்பகுதி அன்றே தீர்ந்துபோகும். அப்படியும் போதாதென்றால் தொட்டியை ஐந்தடி உயர்த்தலாம். ஏழடி பன்னிரண்டு அடியாகும்போது ஷவரில் கிடைக்கும் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை என்பதை நினைவில் வைத்து, தூண்களையும் தளத்தையும் ஒரு பொறியாளரிடம் காட்டிக்கொண்டு செய்யவேண்டிய வேலை அது.

இத்தனைக்கும் பிறகு இன்னும் அழுத்தம் வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் பிரஷர் டேங்க். அதோடு இணைந்த பிரஷர் சுவிட்சின் மூடியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. உள்ளங்கை அகலமுள்ள ஒரு சிறு பெட்டிக்குள் மின்சாரத் தொடுப்புகளுக்குப் பக்கத்தில் இரண்டு சுருள்வில்கள் நிற்கின்றன, ஒன்று பெரியது, மற்றொன்று சிறியது. குழாயில் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்ததும் தொடுப்பு சேர்ந்து மோட்டார் ஓடுகிறது. இன்னொரு அளவுக்கு ஏறியதும் தொடுப்பு விலகி மோட்டார் நிற்கிறது. பெரிய வில்லின் தலையில் உள்ள நட்டைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால் ஓடும் அளவும் நிற்கும் அளவும் சேர்ந்தே உயரும். சிறிய வில்லின் நட்டைத் திருகினால் நிற்கும் அளவு மட்டும் உயரும். சாதாரணமாக 1.4 கிலோவில் ஓடி 2.8 கிலோவில் நிற்கும்படியோ, 2.1 கிலோவில் ஓடி 3.5 கிலோவில் நிற்கும்படியோ வைத்திருப்பார்கள்.

பிரஷர் டேங்க் என்ற அந்தத் தொட்டிக்குள்ளே ரப்பர்ப் பையின் ஒருபுறம் தண்ணீரும் மறுபுறம் காற்றும் இருக்கின்றன. மெயின் சுவிட்சை அணைத்து, குழாயைத் திறந்து தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, வண்டிச் சக்கரத்துக்குக் காற்றுப் பார்க்கும் அதே கருவியைத் தொட்டியின் வால்வில் வைத்துப் பார்த்தால், மோட்டார் ஓடத் தொடங்கும் அளவைவிடச் சற்றேறக்குறைய 0.14 கிலோ குறைவாகக் காற்று நிற்கவேண்டும். இந்தக் காற்றைச் சரிபாராமல் நட்டை மட்டும் திருகுவது இந்தத் தொழிலில் மிகச் சாதாரணமாக நடக்கும் அலட்சியம். காற்று குறைந்துபோன தொட்டியோடு கூடிய மோட்டார், ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தாலும் ஓடுவதும் நிற்பதுமாகத் துடித்துக்கொண்டிருக்கும். மோட்டார் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கிறபடியால், அதன் ஆயுள் அந்தத் துடிப்பிலேயே கரைந்துவிடும்.

அழுத்தத்தை உயர்த்த உயர்த்தத் தொட்டியின் பிரயோஜனம் குறைகிறது என்பதும் பலர் அறியாத விஷயம். 1.4 கிலோவுக்கும் 2.8 கிலோவுக்கும் இடையே வைத்த நூறு லிட்டர்த் தொட்டி, மோட்டார் ஓடாமல் சுமார் முப்பத்துநான்கு லிட்டர் தரும். அதே தொட்டியை 2.8 கிலோவுக்கும் 4.2 கிலோவுக்கும் இடையே வைத்தால், அதற்கேற்றபடி காற்றையும் சரியாகவே நிரப்பியிருந்தாலும், தருவது சுமார் இருபத்தாறு லிட்டரே.

ஆயினும் இந்த நஷ்டங்களெல்லாம் சிறியவை. பெரிய விஷயம் வேறொன்று. ஒரு கிலோ அழுத்தம் முப்பத்துமூன்று அடி உயரத்துக்குச் சமம் என்று பார்த்தோம். அப்படியானால், வீட்டில் நட்டைத் திருகி அழுத்தத்தை ஒரு கிலோ உயர்த்துகிறவர், மோட்டாரின் கண்ணோட்டத்தில், தம் கிணற்று நீரை முப்பத்துமூன்று அடி கீழே இறக்கிவிடுகிறார். ஸ்க்ரூடிரைவரோ ஸ்பேனரோ கையில் எடுப்பதற்கு முன்பு நினைத்துப் பார்க்கவேண்டிய உண்மை இதுதான்.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். அறுபது மீட்டர், அதாவது ஏறக்குறைய இருநூறு அடி உயரத்துக்கு மேல் தண்ணீரைத் தள்ளமுடியாத நீர்மூழ்கி மோட்டார் ஒன்று போரில் இறக்கப்பட்டிருக்கிறது. கார்த்திகையில் நீர்மட்டம் நூறடியில் நிற்கும்போது, தரைமட்டத்தில் மூன்று கிலோ அழுத்தம் வரை அது கொடுக்கக்கூடும். மெக்கானிக் வந்து 2.8 கிலோவில் நிற்கும்படி வைத்துவிட்டுப் போகிறார். எல்லாம் ஜோராக நடக்கிறது. வைகாசியில் நீர்மட்டம் நூற்றைம்பது அடிக்கு இறங்குகிறது. இப்போது அந்த மோட்டார் தன் முழுச் சக்தியையும் செலுத்தினாலும் ஒன்றரை கிலோவுக்கு மேல் அழுத்தம் ஏறாது; ஆனால் சுவிட்சோ 2.8 கிலோவுக்காகக் காத்திருக்கிறது. குழாய்களையெல்லாம் மூடிவிட்டு வீட்டார் உறங்கப்போன பின்னும், வெளியே ஒரு துளி போகாமல், மோட்டார் இரவு முழுவதும் ஓடிக்கொண்டேயிருக்கிறது. பக்கத்தில் ஓடும் தண்ணீரினால் குளிரவேண்டிய யந்திரம் ஓட்டமில்லாத தண்ணீரில் கொதித்து, விடியும்போது காயில் எரிந்து கிடக்கிறது. மோட்டார் மட்டமான சரக்கு என்று வீட்டுக்காரர் கடைக்காரரை வைகிறார். வோல்டேஜ் சரியில்லை என்று கடைக்காரர் மின்வாரியத்தை வைகிறார். கார்த்திகையின் செழிப்பைப் பார்த்து வைகாசிக்கு அளவு வைத்த தவறு மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

இதற்குப் பரிகாரம் பெரிய மோட்டார் அன்று. பாறை விரிசலில் நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் ஊறுகிற போரில் நாற்பது லிட்டர் இழுக்கும் மோட்டாரை இறக்கினால், நீர்மட்டம் இன்னும் வேகமாக இறங்கிக் காற்றை இழுக்கத் தொடங்கும். அந்தப் பத்து லிட்டரை இழிவாக எண்ணவேண்டியதில்லை. பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களுக்கென்று மத்திய அரசின் குடிநீர்க் கையேடு வகுத்துள்ள தலைக்கு 135 லிட்டர் என்ற தாராளமான கணக்கையே எடுத்துக்கொண்டாலும், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 675 லிட்டர் போதும். நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் ஊறும் கிணறு அதை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் கொடுத்துவிடும். எனவே கிணற்று மோட்டாரை ஊற்றுக்கு ஏற்றபடி சிறியதாக வைத்து, நிதானமாக ஓடி ஒரு தொட்டியை நிரப்பும்படி விட்டுவிட்டு, அழுத்தம் இன்றியமையாத வீடுகளில் தொட்டிக்குப் பிறகு அரை ஹெச்.பி. அளவுள்ள சிறு பம்பு ஒன்றை வைத்துக்கொள்வதே விவேகம். கிணற்றின் ஏற்ற இறக்கம் குழாயைத் தாக்காது. குழாயின் ஆசை கிணற்றைத் தாக்காது. கிணற்றையே நேரே குழாயோடு பிணைத்துத்தான் தீருவேன் என்கிறவர்கள், கோடை நீர்மட்டத்திலிருந்து மோட்டாரால் எவ்வளவு அழுத்தம் தரமுடியும் என்று கணக்கிட்டு, நிற்கும் அளவை அதற்கும் சற்றுக் கீழே வைத்துக்கொள்ளட்டும்.

பம்புகளின் எல்லையை மனிதன் அறிந்த சரித்திரமும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. உறிஞ்சும் பம்பு ஏறக்குறைய முப்பத்துநான்கு அடிக்கு மேல் தண்ணீரை ஏற்ற மறுப்பதை 1638இல் வெளியான தம் நூலில் கலிலியோ குறிப்பிட்டார். அவருடைய சீடர் டாரிசெல்லி, நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் பாரமே என்று கண்டார். 1648இல் பாஸ்கலின் மைத்துனர் பெரியே பாதரசக் குழாயோடு பிரான்சு தேசத்து மலையொன்றின்மேல் ஏறி, உயரப்போகப் பாதரசம் இறங்குவதைப் பிரத்தியட்சமாகக் காட்டினார். கல்வராயன் மலையிலும் அதே நியதிதான். கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே காற்றின் பாரம் பத்தில் ஒரு பங்கு குறைகிறபடியால், கிணற்று மேட்டில் வைத்து உறிஞ்சும் மோட்டார், கடற்கரையில் இழுப்பதைவிட அங்கே சுமார் மூன்றடி குறைவான ஆழத்திலிருந்தே இழுக்கும். நடைமுறையில் சமவெளியிலேயே இருபத்தைந்து அடிக்கு மேல் நம்பமுடியாத அந்த மோட்டாரை, அதே கணக்கோடு மலைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஃபுட் வால்வைக் குறைசொல்லிப் பயனில்லை.

மலையின் பிரச்சினை பெரும்பாலும் இதற்கு நேர் எதிரானது. சரிவின் மேலே ஊற்றும் கீழே வீடுகளுமாக அமைந்த இடத்தில் மோட்டாரே வேண்டியதில்லை. ஆனால் இருநூறு அடி இறக்கத்தில் ஆறு கிலோ அழுத்தம் சேர்ந்துவிடுகிறது. பகலெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது உராய்வு அதைக் குறைத்து வைத்திருக்கும். இரவில் குழாயை மூடியதும் முழு அழுத்தமும் கீழ்க்கோடியில் வந்து நிற்க, அங்கே போட்டிருக்கும் நாலு கிலோ பைப் வெடித்துவிடுகிறது. வழியில் நூறடி இறக்கத்துக்கு ஒரு சிறு தொட்டி கட்டி, நீர் அதில் விழுந்து அழுத்தம் முறிந்து, மீண்டும் புதிதாக இறங்கும்படி செய்வது பொறியியலில் பழக்கமான முறை. கீழே சமவெளியில் பணம் கொடுத்து வாங்கும் அழுத்தத்தை மலையில் முறித்து எறியவேண்டியிருக்கிறது. இரண்டு இடத்திலும் கணக்கு ஒன்றே, அளந்து பார்க்கும் பழக்கம் இல்லாமையால் விளையும் நஷ்டமும் ஒன்றே.

இதுவரை சொன்னவை அவரவர் வீட்டு விவகாரம். அண்டை வீட்டாரைப் பாதிக்கும் இடமும் உண்டு. ஊராட்சியோ நகராட்சியோ கொடுக்கும் பொதுக்குழாயில் நேரே மோட்டாரைப் பொருத்தித் தண்ணீரை இழுக்கும் வழக்கம் தமிழ்நாடெங்கும் பரவியிருக்கிறது. ஒற்றைத் தள வீடுகளுக்கு ஏழு மீட்டர், அதாவது முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த அழுத்தம் இணைப்பு முனையில் இருக்கவேண்டும் என்று மேற்சொன்ன கையேட்டின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பு வகுத்திருந்தது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டமும் கிராமத்து வீடு ஒவ்வொன்றிலும் தலைக்கு 55 லிட்டர் குழாய்வழி வரவேண்டும் என்று உத்தேசிக்கிறது. ஒரு வீட்டுக்காரர் மோட்டார் வைத்து உறிஞ்சும்போது இந்த நியாயமான பங்கீடு குலைகிறது. கடைக்கோடி வீட்டுக் குடத்தில் காற்றுத்தான் சீறுகிறது. அதோடு, குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிட்டால், விரிசல் விட்ட இணைப்புகளின் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே புகும். அதைக் குடிக்கப்போகிறவர்களில் மோட்டார் வைத்தவரின் குழந்தைகளும் அடக்கம். பூமிக்குள்ளும் இதே நியாயம்தான். ஒரே விரிசலில் நீர் குடிக்கும் இரண்டு போர்களில் ஒன்று அதிகமாக இழுத்தால் மற்றொன்று வறளும். வறண்டவர் இன்னும் நூறடி இறக்குவார். முதலாமவர் அதற்கும் கீழே போவார். 2003இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டத்தை 2013இல் ரத்து செய்துவிட்ட நம் மாநிலத்தில், இந்தப் போட்டிக்கு எல்லை கட்டவேண்டியது பெரும்பாலும் நம் சொந்த விவேகமாகவே இருக்கிறது.

முதுமையில் மாடியேறிக் குளிக்கிறவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டுமா, கீசரும் சலவை யந்திரமும் அழுத்தமில்லாமல் வேலை செய்யுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. அவர்களுடைய தேவைக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை அழுத்தம் இருந்தால் சாதாரண வீட்டுச் சாதனங்கள் பெரும்பாலும் திருப்தியாக இயங்கும் என்பதே என் பதில். மூன்று கிலோவும் நான்கு கிலோவும் கேட்பது தேவை அன்று, கட்டுமான விளம்பரங்கள் கற்பித்த ஆசை. குழாயில் அழுத்தம் நான்கு மடங்கானால் அதே திறப்பின் வழியே ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் ஓடிவிடும் என்பதையும், பல் துலக்கும் நேரமும் பாத்திரம் தேய்க்கும் நேரமும் அதற்காகப் பாதியாகிவிடுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆசையின் விலை கிணற்றின் தலையில்தான் விழுகிறது என்பது தெளிவாகும்.

செய்யவேண்டியது பெரிய காரியம் ஒன்றும் அன்று. மோட்டார் விற்கிறவரும் பொருத்துகிறவரும், போரின் ஆழம், மோட்டார் இறக்கிய ஆழம், நிமிஷத்துக்கு ஊறும் நீர், கோடையிலும் மழைக்காலத்திலும் நீர்மட்டம், சுவிட்சில் வைத்த இரண்டு அளவுகள் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி, ஸ்டார்ட்டர் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போகட்டும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் ஹெச்.பி.க்குப் பக்கத்திலேயே எத்தனை மீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று பொறித்திருக்கிறது. வாங்குகிறவர் அந்த வரியையும் படித்துக் காட்டும்படி கேட்கட்டும். சில நூறு ரூபாய் விலையுள்ள அழுத்தமானி ஒன்றை ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் பொருத்தினால், பல்லாயிரம் ரூபாய் மோட்டாரை வாங்குமுன் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் கட்டுவதைக் கற்பிப்பதோடு, கயிற்றில் எடை கட்டி இறக்கி நீர்மட்டம் பார்ப்பதையும், வாளியும் கடிகாரமும் கொண்டு ஊற்றை அளப்பதையும், தொட்டியின் காற்றைச் சரிபார்ப்பதையும் ஒரு பாடமாகவே வைக்கலாம். 2003இல் வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கப்பட்டு, இன்று பல இடங்களில் மண் மூடிக் கிடக்கும் மழைநீர்க் குழிகளை ஆடி முடிவதற்குள் தூர்வாரிவிட்டால், அது கோடை மட்டத்தை ஓரடி உயர்த்தினாலும், அந்த ஓரடி மின்சாரச் செலவின்றிக் கிடைத்த அழுத்தமே ஆகும்.

வைகாசியில் ஒரு நாள் அதிகாலையில், மோட்டார் போடுவதற்கு முன்பு, அவரவர் கிணற்றின் மட்டத்தை அளந்து எழுதி வைத்துக்கொண்டு, மெக்கானிக் வந்ததும் அந்த எண்ணை முதலில் சொல்லுங்கள். அதைக் கேட்டுக் கணக்குப் போடுகிறவரிடம் வேலையைக் கொடுங்கள். அதைக் காதில் வாங்காமல் ஒன்றரை ஹெச்.பி. என்று தொடங்குகிறவரை மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.